ஒரு சொட்டுக்கு ஒரு பிளாஸ்டிக்!

நெட்டுக்குப்பம் போயிருக்கிறீர்களா?

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போக வேண்டும். அங்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மீனவர் குப்பம். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் கழிமுகம். அக்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

கடலுக்குப் போகாத வேளையில் அங்குள்ள ஆண்கள் என்ன செய்வார்கள்? வலையைச் சரி செய்வார்கள். வலையை மடியில் பரப்பிக்கொண்டு, அறுந்த கண்ணைத் தேடித் தேடி, நூலால் முடிச்சுப் போடுவார்கள். வலையில் ஒரு கண் அறுந்துவிட்டது என்பதற்காக முழு வலையையும் யாரும் தூக்கி எறிவதில்லை.

அந்த வலை நைலான் வலை. அதுவும் பிளாஸ்டிக் ஜாதிதான். ஆனாலும் அது பல பருவம் உழைக்கிறது. காசு போட்டு வாங்கிய பொருளாயிற்றே!

இப்போது வேறோர் இடத்துக்குப் போவோம். சோதனைக்கூடம். நாம் "லேப்" என்று சொல்கிறோமே, அதுதான். ரத்தம், சளி, கிருமி, மீன், விதை என்று உயிருள்ளவற்றைச் சோதிக்கிற இடம்.

அங்கே மேஜை மீது ஒரு கருவி இருக்கும். பெரிய பேனா மாதிரி இருக்கும். அதன் பெயர் பிப்பெட். கட்டை விரலால் மேலே அழுத்தினால், அளந்தாற்போல் ஒரு சொட்டை உறிஞ்சிக் கொடுக்கும். அதன் நுனியில் சின்ன பிளாஸ்டிக் மூக்கு ஒன்றை மாட்டுவார்கள். அதை "டிப்" என்கிறார்கள்.

ஒரு சொட்டு எடுத்தாகிவிட்டது. அந்த டிப் என்ன ஆகும்? குப்பைக்குப் போகும். அடுத்த சொட்டுக்கு அடுத்த டிப். அதற்கடுத்த சொட்டுக்கு இன்னொன்று.

ஒரு பெட்டியில் 96 டிப் இருக்கும். 96 பேருடைய ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை சொட்டு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 288 டிப் ஆயிற்று! அதோடு டிப் வந்த பெட்டி, பெட்டியைச் சுற்றிய உறை, ரத்தம் வைத்த குழாய், குழாயின் மூடி, கையுறை. எல்லாமே பிளாஸ்டிக். எல்லாமே ஒரு வேளை உபயோகம்.

ஒரு ஆள், ஒரு டன்!

"சின்னச் சின்ன சாமான்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் சில விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. எக்ஸெட்டர் பல்கலைக் கழகத்தில் உயிரியல் துறையில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். தங்கள் துறையின் குப்பையைத் தாங்களே எடை போட்டுப் பார்த்தார்கள்.

அந்தத் துறையில் சுமார் 280 ஆராய்ச்சியாளர்கள். 2014-ம் ஆண்டில் அவர்கள் எறிந்த பிளாஸ்டிக் 267 டன்! ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். சராசரி மனிதர் பதினாறு பேரின் கனம்.

அந்தக் கணக்கை வைத்து உலகத்துக்கே கணக்குப் போட்டார்கள். உலகத்தில் உள்ள இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் 55 லட்சம் டன் பிளாஸ்டிக்கை எறியக்கூடும் என்று தெரிந்தது. பத்து டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் ஐந்தரை லட்சம் லாரி வேண்டும். இதை 2015-ல் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். தங்கள் வீட்டு அழுக்கைத் தாங்களே வெளியே சொன்னார்கள். இந்த நேர்மை பாராட்டத் தக்கது.

நெட்டுக்குப்பத்துக்கு என்ன சம்பந்தம்?

நெட்டுக்குப்பத்து வலையில் லேப் டிப் சிக்கியது என்று நாம் சொல்லவில்லை. சம்பந்தம் வேறு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கிற்று. படகு கறுப்பு. வலை கறுப்பு. கரை கறுப்பு. மீனவர்கள் வாளியும் மக்கும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள்.

அதன் பிறகு அந்த ஜனங்கள் மனத்தில் எழுந்த கேள்வி என்ன? "இந்த மீனைத் தின்னலாமா? இந்தத் தண்ணீரில் இறங்கலாமா? குழந்தைக்கு உடம்பு அரிக்கிறதே, எதனால்?"

இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். மீனை அறுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது. மாதா மாதம் பார்க்க வேண்டும்.

ஆகவே, "லேப் வேண்டாம், பிளாஸ்டிக் மிச்சம்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஜனங்களுக்குச் சோதனை இன்னும் அதிகமாக வேண்டும். குறைவாக அல்ல.

ஆனால், சோதனை அதிகமானால் குப்பையும் அதிகமாகும். அந்தக் குப்பை எங்கே போகும்? சென்னை நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். கொடுங்கையூர்க் குப்பை மேடு சுமார் 340 ஏக்கர். அது வடசென்னையில்தான் இருக்கிறது. அதன் புகையை மூச்சில் இழுத்தவர்களும் வடசென்னைக்காரர்கள்தான்.

ஜனங்களின் உடம்பைக் காப்பாற்றச் சோதனை. அந்தச் சோதனையின் குப்பை யாருடைய வாசலுக்கோ போவது என்றால், அது என்ன நியாயம்?

வாயால் உறிஞ்சிய காலம்

லேபுக்குப் பிளாஸ்டிக் எப்போது வந்தது? முன்பு எல்லாம் கண்ணாடிதான். கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுக்குப் பெட்ரி தட்டு என்று பெயர். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதையிடம் உதவியாளராக இருந்த பெட்ரி என்பவர் 1887-ல் அதை வெளியிட்டார். அது கண்ணாடித் தட்டு. கழுவலாம். கொதி நீராவியில் வைத்து எடுக்கலாம். மறுபடி உபயோகிக்கலாம்.

பிப்பெட்டும் வெறும் கண்ணாடிக் குழாய்தான். எப்படி உறிஞ்சுவார்கள் தெரியுமா? வாயால்! நாம் இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சுகிறோமே, அதே மாதிரி. உள்ளே இருப்பது இளநீர் அல்ல. கிருமி! கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டால் வாய்க்குள் வந்துவிடும். இதனால் நோய் கண்டவர்கள் பலர்.

1957-ல் ஜெர்மனியில் மார்பர்க் என்ற ஊரில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் என்ற இளம் டாக்டர் இந்த வாய் உறிஞ்சலில் சலித்துப்போனார். ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, நுனியில் கழற்றி மாட்ட ஒரு பிளாஸ்டிக் மூக்கு. இப்படி ஒரு கருவி செய்தார். அதுதான் இன்றைய பிப்பெட்டுக்குப் பாட்டன்.

பிளாஸ்டிக் பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதை மறைக்கக் கூடாது. ஒருவருடைய ரத்தத்தைத் தொட்ட டிப் இன்னொருவருடைய ரத்தத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஒருவர் நோய் இன்னொருவர் கணக்கில் ஏறும். இதில் சிக்கனம் பார்ப்பது பாவம்.

அப்படியானால் தப்பு எங்கே நடந்தது? அவசியமான இடத்துக்கு வந்த பிளாஸ்டிக், அவசியமில்லாத இடத்துக்கும் பரவிவிட்டது. வெறும் தண்ணீர் அளக்கவும் பிளாஸ்டிக். உப்புக் கரைசல் வைக்கவும் பிளாஸ்டிக். கலக்குகிற குச்சியும் பிளாஸ்டிக். கழுவ ஆள் வேண்டாம், வாங்கு, எறி என்று ஆகிவிட்டது.

சேத்துப்பட்டு சாதித்தது

கண்ணாடியை வைத்துக்கொண்டு பெரிய வேலை செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். காசநோய்க்கு மருந்து ஆராயும் நிலையம். காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். "வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும்" என்று 1959-ல் உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். உலகம் ஏற்றுக்கொண்டது. எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

அந்த நாளில் சோதனைக்கூடம் என்றால் கண்ணாடிதான். கழுவித் துடைத்து, ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த கண்ணாடி.

ஆட்டோகிளேவ் என்றதும் பயப்பட வேண்டாம். அது பெரிய பிரஷர் குக்கர். உங்கள் வீட்டுக் குக்கரில் பருப்பு வேகிறது. இதில் கிருமி வேகிறது. 121 டிகிரி சூட்டில் நீராவி அழுத்தத்தில் சரியான நேரம் வைத்தால் நோய்க் கிருமி மிஞ்சாது.

பிறகு வந்தது கொரோனா. 2020-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கொரோனா சோதனை நடந்த இடம் கிண்டி கிங் நிலையம். மூக்கில் ஒரு குச்சி, தொண்டையில் ஒரு குச்சி, ஒரு குழாய், பல டிப். கோடிக்கணக்கான சோதனைகள். உலகம் முழுவதும் டிப்புக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. எறிந்த பொருளின் அருமை அப்போது தெரிந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் மறந்தும் போயிற்று.

சிவப்புப் பை

சட்டம் இல்லையா? இருக்கிறது. மருத்துவக் கழிவுக்கு 1998-ல் விதிகள் வந்தன. 2016-ல் புதிய விதிகள் வந்தன. ஆஸ்பத்திரிக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் மட்டும் அல்ல, மனிதர், மிருகங்களின் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கும் அவை பொருந்தும்.

குப்பையை நான்கு நிறமாகப் பிரிக்க வேண்டும். எரிக்க வேண்டியது மஞ்சள் பை. ஊசி, கத்திக்கு வெள்ளை டப்பா. கண்ணாடிக்கு நீலம். பிளாஸ்டிக் குழாய், கையுறை முதலியவற்றுக்குச் சிவப்புப் பை. சிவப்புப் பையில் உள்ளதை எரிக்கக் கூடாது. நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக நறுக்கி, மறு உபயோகத் தொழிலுக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதி.

ஆனால் கை எந்தப் பைக்குப் போகிறது என்பதல்லவா கேள்வி? அவசரத்தில் எல்லாம் மஞ்சள் பையில் விழுந்தால் எல்லாம் எரியும். நோயைத் தொடாத காலி டிப் பெட்டியும், அட்டையும், உறையும் சிவப்புப் பையில் விழுந்தால், சுத்தமானதும் அசுத்தமாகும். அதைத் தூக்குகிற கூலியும் ஏறும்.

சிலர் எந்தப் பையிலும் போடுவதில்லை. லாரியில் ஏற்றி வேற்றூரில் கொட்டிவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் கோடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கம் என்ன நடந்தது? கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு அங்கே கொட்டிக் கிடந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கேரள அதிகாரிகள் லாரியோடு வந்து குப்பையைத் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களையும் குண்டர் சட்டத்தில் பிடிக்க வழி செய்து 2025-ல் தமிழகச் சட்டசபை சட்டத் திருத்தம் நிறைவேற்றியது.

பிடிக்கட்டும். நன்றாகப் பிடிக்கட்டும். ஆனால் குப்பை உண்டான பிறகு காவல் போடுவது ஒரு வேலை. குப்பையே உண்டாகாமல் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.

பிளாஸ்டிக்கைத் தேடுகிறவர்கள் கண்ணாடி எடுக்கிறார்கள்!

ஒரு வேடிக்கை சொல்கிறோம், கேளுங்கள்.

கடல் தண்ணீரிலும் மீன் வயிற்றிலும் பொடிப் பொடியாகப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். ஐந்து மில்லி மீட்டருக்கும் சிறிய துணுக்குகள். நுண் பிளாஸ்டிக் என்று பெயர். சென்னையிலேயே, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தில், கடல் குப்பையைப் பற்றி ஆராய்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சிக்குத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குப்பியில் பிடித்தால் என்ன ஆகும்? குப்பியிலிருந்து உதிர்ந்த துணுக்கா, கடலில் இருந்த துணுக்கா என்று தெரியாது! ஆகவே இந்த வேலைக்குக் கண்ணாடிக் குப்பி, இரும்புச் சல்லடை, பருத்தி அங்கி என்று உலகமெங்கும் வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

பார்த்தீர்களா? வேண்டும் என்றால் கண்ணாடி வந்துவிடுகிறது. கழுவவும் முடிகிறது. அவசியம் வந்தபோது முடிந்தது, மற்ற வேளையில் ஏன் முடியாது?

ஏழு பேர் செய்த காரியம்

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் கிருமிகளை ஆராயும் ஒரு லேப். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். நாலு வாரத்துக் குப்பையை நிறுத்துப் பார்த்தார்கள். 97 கிலோ பிளாஸ்டிக்!

பிறகு வழக்கத்தை மாற்றினார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. கிருமியைத் தொட்டு எடுக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் உலோக வளையம். அதை நெருப்பில் காட்டினால் சுத்தம். பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் மரக் குச்சி. சில குழாய்களைக் கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவி, மறுபடி நீராவியில் வைத்து எடுத்து உபயோகித்தார்கள். நாலு வாரத்துக்கு 43 கிலோ மிச்சப்படுத்தலாம் என்று தெரிந்தது. பணமும் மிச்சம். இது 2021-ல் வெளிவந்த கணக்கு.

அங்கே செய்ததை இங்கே செய்யலாம். உலோக வளையம் நம் ஊர் லேப்களுக்குப் புதிதா? காலேஜில் தாவரம், விலங்கு, நுண்ணுயிர் படித்த பெண்ணோ பையனோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சிய கம்பி வளையத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

இன்னும் உண்டு. டிப் தீர்ந்தால் புதுப் பெட்டியோடு வாங்க வேண்டியதில்லை. டிப் மட்டும் அடுக்கி விற்கிறார்கள். பழைய பெட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். நம் வீட்டில் காப்பித் தூள் டப்பாவை எறிந்துவிட்டா புதுத் தூள் வாங்குகிறோம்? ஒரே கரைசலைப் பத்துக் காலிக் குழாயில் ஊற்ற ஒரே டிப் போதும். பத்து வேண்டாம். ஒரு மில்லி லிட்டர் வைக்க ஐம்பது மில்லி லிட்டர் குழாயும் வேண்டாம்.

நோயாளியின் ரத்தம், சளி தொட்டதை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே புதிது புதிதுதான். காசநோய்ச் சளி வைத்த டப்பாவைக் கழுவச் சொல்லுகிற பைத்தியக்காரர்கள் அல்ல நாம்.

தண்ணீர் எங்கே, ஆள் எங்கே?

இதற்கு இரண்டு ஆட்சேபம் சொல்வார்கள். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, தண்ணீர். கண்ணாடி கழுவத் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. குடம் தூக்கி நின்றதை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டாள். அப்படிப்பட்ட ஊரில் கண்ணாடி கழுவுவதா? ஆமாம், தொட்டியில் ஊறவைத்து, அளவாக அலசி, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர் விடலாம். நம் பெண்கள் பாத்திரம் தேய்க்கும் வித்தைதான் அது. இருந்தாலும் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள மாதங்களில் கொஞ்சம் பிளாஸ்டிக் போனால் போகட்டும் என்று விடலாம். பிடிவாதம் வேண்டாம்.

இரண்டாவது, ஆள். இதுதான் பெரிய விஷயம். கண்ணாடி தானாகக் கழுவிக்கொள்ளாது. லேபில் கழுவுகிறவர் மட்டமான வேலைக்காரர் அல்ல. அவர் கழுவியதில் சோப்பு மிஞ்சினால் சோதனை கெட்டுவிடும். உடைந்த விளிம்பைக் கவனிக்காவிட்டால் கை கிழியும். அவருக்குப் பயிற்சி வேண்டும், கையுறை வேண்டும், தடுப்பூசி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். நிரந்தர வேலை வேண்டும்.

பிளாஸ்டிக் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்தச் சம்பளத்துக்குத் திருப்பினால் என்ன? பணம் டிப் கம்பெனிக்குப் போவதற்குப் பதில் ஒரு குடும்பத்துக்குப் போகும். எண்ணெய் படர்ந்து இறால் போன பிறகு எண்ணூர்க் குப்பங்களில் வேலை தேடும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாமே!

டெண்டரில் ஒரு வரி

தமிழ்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் சாமானும் மொத்தமாக வாங்கிக் கொடுக்க ஒரு கழகம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் ஆரம்பித்தது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது.

விலையைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு உறையைக் குறைக்கத் தெரியாதா? "டிப் நிரப்பும் அடுக்காக வேண்டும். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் தனி உறை வேண்டாம்." டெண்டர் நோட்டீசில் இப்படி ஒரு வரி போட்டால், விற்கிறவன் தானாக வழிக்கு வருவான். பெரிய வாடிக்கைக்காரர் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு.

பல்கலைக் கழகங்களும் இதையே செய்யலாம். கிண்டியிலும் மாதவரத்திலும் தரமணியிலும் எத்தனை ஆராய்ச்சிக்கூடங்கள்! ஒரு மாதம் தங்கள் குப்பையைத் தராசில் வைத்து நிறுத்து, அந்த எண்ணை வாசல் பலகையில் எழுதட்டும். எக்ஸெட்டர்க்காரர்கள் வெட்கப்படாமல் எழுதினார்கள்.

ஏப்ரலில் புதுக் கணக்கு ஆண்டு பிறக்கிறது. அதற்கான சாமான் பட்டியலை அதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். எழுதுகிற அதிகாரிகள் ஒரு நாள் எண்ணூர் பஸ் ஏறி, நெட்டுக்குப்பம் கரை வரை போய்வந்து எழுதட்டும்.